வீட்டில் கீபோர்டு வாசிப்பவருக்கு எந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்?

சாஃப்ட்வேரைத் தேடிக் கிளம்பும் முன் கீபோர்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்த சாஃப்ட்வேர் பொருந்தும் என்பதற்குப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது.

பிரிண்டருக்குப் போடுவது போன்ற சதுரமான யு.எஸ்.பி. துளை இருந்து, அதன் பக்கத்தில் 'டு ஹோஸ்ட்' அல்லது 'கம்ப்யூட்டர்' என்று எழுதியிருந்தால் வேலை சுலபம். யமஹா பி.எஸ்.ஆர்., கேசியோ சி.டி.-எக்ஸ், ரோலண்ட் எக்ஸ்.பி.எஸ். வரிசைகளின் பல மாடல்களில் இந்தத் துளை இருக்கும். தட்டையாக இருக்கும் இன்னொரு துளை பென்டிரைவுக்கானது. லேப்டாப்பை அதில் செருகிவிட்டு 'கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறது' என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். பழைய மாடலில் ஐந்து ஊசி கொண்ட வட்டமான மிடி (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற தகவலை அனுப்பும் முறை) துளைகள்தான் இருக்கும், அதற்கு யு.எஸ்.பி.-மிடி கேபிள் வேண்டும். கேபிளில் 'இன்' என்று போட்ட முனை கீபோர்டின் 'அவுட்'டில் போக வேண்டும். மலிவான கேபிள்களில் இந்த எழுத்து குழப்பமாகவே இருக்கும். சத்தம் வராவிட்டால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள்; எதுவும் எரிந்துவிடாது.

இரண்டும் இல்லை, ஹெட்போன் துளை மட்டும்தான் என்றால் அந்தக் கீபோர்டிலிருந்து ஒலியை மட்டுமே பதிவு செய்ய முடியும். அதற்கு இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் சிறு பெட்டி) ஒன்று வேண்டும். லேப்டாப்பின் ஒற்றை 3.5 மி.மீ. துளையில் நேராகச் செருகினால் சரிவராது. அது ஹெட்செட் மைக்குக்கான துளை, உள்ளீடு மோனோ, அதாவது இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலி. கீபோர்டின் பலமான சிக்னல் அதில் நுழைந்தால் ஒலி கிழியும்.

மிடியா, ஒலியா?

தேர்வில் தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். யு.எஸ்.பி. கேபிள் வழியாக மிடி போகும்போது ஒலி போவதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகத்தில், எப்போது விடப்பட்டது என்ற தகவல்தான் போகிறது. கட்டை எண் 0 முதல் 127 வரை, அழுத்தும் வேகம் 1 முதல் 127 வரை, மொத்தம் 16 சேனல். கீபோர்டில் தபலாவும் நாயனமும் எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், அந்த ஒலி லேப்டாப்புக்குள் வராது. அங்கே சாஃப்ட்வேரில் இருக்கும் வாத்தியம்தான் பேசும்.

ஆகவே உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். கீபோர்டுக்குள் இருக்கும் டோனும் (வாத்திய ஒலி) ஸ்டைலும்தான் (தானாக ஓடும் தாளப் பின்னணி) உங்கள் பாட்டின் உயிரா, அல்லது கீபோர்டு வெறும் கட்டைகளாக இருந்து ஒலி கணினியிலிருந்து வந்தால் போதுமா? குன்றக்குடி காவடிக்கும் கொப்புடையம்மன் திருவிழாவுக்கும் பக்திப் பாட்டு ட்ராக் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகை. கீபோர்டின் ஸ்டைலை ஓடவிட்டு அதன்மேல் வாசித்துப் பழகியவர்கள். அவர்களுக்கு ஒலியைப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர்தான் வேண்டும். சில புதிய கீபோர்டுகள் அதே யு.எஸ்.பி. கேபிளில் ஒலியையும் அனுப்பும். மாடலின் விவரப் பக்கத்தில் 'யு.எஸ்.பி. ஆடியோ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்டர்ஃபேஸ் செலவு மிச்சம். யமஹாவில் இது விண்டோஸில் வேலை செய்ய, யமஹா ஸ்டைன்பர்க் யு.எஸ்.பி. டிரைவரை முதலில் நிறுவ வேண்டும். டிரைவரை நிறுவிய பிறகே கேபிளைச் செருகுங்கள்.

இனி சாஃப்ட்வேருக்கு வருவோம்

ஐபோன், ஐபேட், மேக் வைத்திருப்பவர் வேறெங்கும் தேட வேண்டாம். ஆப்பிளின் கராஜ்பேண்ட் இலவசம், நல்ல பியானோவும் டிரம்ஸும் உள்ளேயே இருக்கின்றன, கீபோர்டைச் செருகினால் உடனே அடையாளம் காணும். பிறகு வளர்ந்து ஆப்பிளின் பெரிய சாஃப்ட்வேரான லாஜிக் ப்ரோவுக்குப் போனால் மேக்கில் செய்த பழைய பாட்டுகள் அப்படியே அதில் திறக்கும். குறை ஒன்று உண்டு. ஐபேட் பதிப்பில் 4/4, 3/4, 6/8 தாளங்கள் மட்டுமே உள்ளன. மிஸ்ர சாப்பு வேண்டுமென்றால் கிளிக்கை (தாளம் காட்டும் தட்டொலியை) அணைத்துவிட்டு, மிருதங்கத் தாளத்தை ஒரு ட்ராக்கில் வைத்து அதன்மேல்தான் வாசிக்க வேண்டும்.

விண்டோஸ் லேப்டாப் என்றால் எங்கள் முதல் பரிந்துரை ரீப்பர். இறக்க மிகச் சிறியது, பழைய லேப்டாப்பிலும் திணறாமல் ஓடும், 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கும் சிறு வருமானக்காரர்களுக்கும் லைசன்ஸ் 60 டாலர். டாலரில் கட்டுவதால் வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்திருக்க வேண்டும். ட்ராக் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, தாளத்தை எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், மிடியும் ஒலியும் ஒரே ட்ராக்கில்கூட இருக்கலாம். ஆனால் வாத்தியங்கள் இல்லாத வெறும் வீடு அது. முதல்முறை திறந்து கட்டையை அழுத்தினால் எதுவும் கேட்காது. பலர் இந்த இடத்திலேயே மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். பியானோவுக்கு சாலமாண்டர் கிராண்ட் பியானோ, அதை ஓட்ட ஸ்ஃபோர்ஸாண்டோ, சின்த் ஒலிகளுக்கு சர்ஜ் எக்ஸ்.டி., மற்ற வாத்தியங்களுக்கு டீசென்ட் சாம்ப்ளர். இந்த நான்கும் இலவசம். முதல் நாளே இவற்றை இறக்கி நிறுவிவிட்டு உட்காருங்கள்.

எஃப்.எல். ஸ்டுடியோவைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். ஸ்வரங்களைக் கட்டம் கட்டமாகப் போட அதன் பியானோ ரோலுக்கு ஈடு இல்லை. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்க புதுப்பதிப்பு இலவசம். ஆனால் விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் ஒலிப் பதிவு கிடையாது. குரலோ கீபோர்டின் சொந்த டோனோ வேண்டுமென்றால் ப்ரொட்யூசர் பதிப்புதான் வாங்க வேண்டும். சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையை மூடிவிட்டால், வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது. இதைத் தெரியாமல் ஒரு வாரம் உழைத்துவிட்டு விழிப்பவர்கள் உண்டு. சோதிக்கும்போது மூடுவதற்கு முன் பாட்டை வேவ் கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். யமஹா, ஸ்டைன்பர்க் கருவிகள் சிலவற்றுடன் கியூபேஸ் ஏ.ஐ. வரும். யு.எஸ்.பி. மிடி கீபோர்டுகள் பலவற்றுடன் ஏபிள்டன் லைவ் லைட் வரும். ட்ராக் எண்ணிக்கையில் வரம்பு இருந்தாலும், ஒரு பக்திப் பாட்டுக்கு அது தாராளம். கையில் இருக்கும் இலவச லைசன்ஸில் இரண்டு பாட்டு முடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் செலவு செய்வதைப் பற்றி யோசிக்கலாம்.

எல்.எம்.எம்.எஸ். இலவசம்தான், ஆனால் குரலைப் பதிவு செய்ய வேண்டியவருக்கு உதவாது. ஆடாசிட்டி நேர்மாறு: ஒலியை வெட்டி ஒட்ட அருமையானது, மிடி வாசிப்பைப் பதிவு செய்யாது. கடையில் லேப்டாப் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது 'எல்லா மியூசிக் சாஃப்ட்வேரும் போட்டுத் தருகிறோம்' என்பார்கள். அந்தக் கிராக் பதிப்பு வேண்டாம். வைரஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். விண்டோஸ் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டால் சாஃப்ட்வேர் திறக்காமல் போகலாம், உள்ளே இருக்கும் பாட்டும் அதோடு போகும்.

லேப்டாப்பில் 8 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. டிஸ்க் இரண்டும் இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். சுழலும் பழைய டிஸ்க்கில் பெரிய பியானோ சாம்பிள்கள் ஏற நேரமாகும், வேகமாக வாசித்தால் ஸ்வரம் விழும்.

ஒரே பாட்டில் சோதியுங்கள்

விளம்பர வீடியோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு நன்றாகக் கை வந்த ஒரு பாட்டில் பல்லவியை மட்டும் எடுத்துக்கொண்டு, நினைக்கும் ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் அதையே செய்து பாருங்கள். கீபோர்டைச் செருகியதும் பெயர் தெரிகிறதா? கட்டையை அழுத்தியதும் ஒலி உடனே வருகிறதா, தாமதமா? ஒரு ஆவர்த்தனம் முன்கிளிக் கொடுத்துப் பதிவு தொடங்குகிறதா? கீபோர்டின் சுருதி வளைக்கும் சக்கரத்தைத் திருப்பி இழுத்த கமகம் அப்படியே திரும்பக் கேட்கிறதா? வேகத்தை 80-லிருந்து 72-க்குக் குறைத்தால் மிடி ட்ராக்கும் ஒலி ட்ராக்கும் சேர்ந்து நடக்கின்றனவா? வேவ் கோப்பு எடுக்க முடிகிறதா? மூடித் திறந்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா? இவற்றில் இரண்டு தப்பினாலும் வேறு சாஃப்ட்வேரைப் பாருங்கள்.

தாமதம்

கட்டையை அழுத்தி அரை நொடி கழித்து ஒலி வருகிறதென்றால் சாஃப்ட்வேர்மேல் குற்றமில்லை. விண்டோஸின் சாதாரண ஒலி டிரைவர்தான் காரணம். இன்டர்ஃபேஸ் அல்லது கீபோர்டோடு வந்த ஏசியோ டிரைவரை (தாமதம் குறைந்த ஒலி டிரைவர்) தேர்ந்தெடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் இலவசமான ஏசியோ4ஆல் போதும். பிறகு பஃபர் அளவு, அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்து வைத்து அனுப்பும் ஒலித் துண்டின் அளவு: 44,100 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 2.9 மில்லிநொடி, 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6, 1024 என்றால் 23.2. வாசிக்கும்போது 128 அல்லது 256. படபடவென்று வெடிக்கும் சத்தம் வந்தால் ஒரு படி ஏற்றுங்கள். வாசித்து முடித்து எஃபெக்ட் சேர்த்துக் கலக்கும்போது 1024-க்கு ஏற்றிவிடலாம். அப்போது தாமதம் யாரையும் உறுத்தாது. ப்ளூடூத் ஹெட்போனில் வாசிக்கவே வாசிக்காதீர்கள். அதில் தாமதம் நூறு மில்லிநொடியைத் தாண்டும், பஃபரை எவ்வளவு குறைத்தாலும் தீராது.

அழுத்தும் ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக, குழாய்க்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டால் கீபோர்டும் சாஃப்ட்வேரும் சேர்ந்து ஒலிக்கின்றன. கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவில் 'லோக்கல்' என்பதை ஆஃப் செய்யுங்கள். பல மாடல்களில் அணைத்துப் போட்டால் அது திரும்ப ஆன் ஆகிவிடும். மெனுவில் தேடிப் பிடிக்கப் பொறுமை இல்லையென்றால் கீபோர்டின் வால்யூமைச் சுழியாக்கிவிட்டு லேப்டாப் ஹெட்போனில் கேளுங்கள். மிடி அனுப்புவது அதனால் நிற்காது.

தாளம், கட்டை, கமகம்

சாஃப்ட்வேர்கள் 4/4-ஐ எதிர்பார்த்துத்தான் திறக்கும். ஆதி தாளத்துக்கு அதையே இரண்டு பாராக (நான்கு தட்டு கொண்ட இரண்டு சுற்றாக) எண்ணலாம். ஆனால் கிளிக் ஏழில் ஓங்கி விழாமல் ஒன்றிலும் ஐந்திலும் மட்டுமே ஓங்கி விழும். நாலும் இரண்டும் இரண்டுமாகப் பிரியும் அமைப்பு அதில் தெரியாது. ரீப்பரில் 8/4 வைத்து, மெட்ரோனோம் அமைப்பில் ஒன்று, ஐந்து, ஏழாவது தட்டுகளை மட்டும் ஓங்கினதாக மாற்றுங்கள். மிஸ்ர சாப்புக்கு 7/8, ஓங்கல் ஒன்று, நான்கு, ஆறில். கண்ட சாப்புக்கு 5/8, ஓங்கல் ஒன்றிலும் மூன்றிலும். காவடிச் சிந்து திஸ்ர நடையில் போவதால் 6/8 வையுங்கள். 4/4-இல் வைத்துவிட்டு க்வாண்டைஸ் (ஸ்வரங்களைத் தாளக் கட்டத்துக்கு நகர்த்தி ஒட்டுவது) போட்டால் துள்ளல் நடை மொத்தமும் பதினாறில் ஒட்டிக்கொண்டு கெடும்.

பாடுகிறவரின் கட்டையை, அதாவது சுருதியை, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கட்டை என்றால் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று இ, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி. ஆணுக்கு ஒன்று ஒன்றரையும் பெண்ணுக்கு ஐந்து ஐந்தரையும் வழக்கம், ஆனால் ஆளைப் பொறுத்தது. ட்ரான்ஸ்போஸை (சுருதி மாற்றத்தை) ஒரே இடத்தில் மட்டும் செய்யுங்கள். கீபோர்டிலும் சாஃப்ட்வேரிலும் போட்டால் இரண்டும் கூடி ஸ்வரம் எங்கோ போய் நிற்கும். கோயில் நாயனக்காரரோடு அல்லது பழைய ஆர்மோனியத்தோடு சேர வேண்டுமென்றால் 440 ஹெர்ட்ஸ் பொருந்தாது. அவரை ஒரு ஸட்ஜம் நீட்டி வாசிக்கச் சொல்லி, சுருதிக் கருவியில் எத்தனை சென்ட் (அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகுகிறது என்று பாருங்கள். கீபோர்டின் ட்யூன் அமைப்பை நகர்த்தினால் கீபோர்டின் ஒலி மட்டும்தான் நகரும். அந்த அமைப்பு மிடியில் போவதில்லை. சாஃப்ட்வேர் வாத்தியத்தின் ட்யூனையும் அதே அளவு தனியாக நகர்த்த வேண்டும்.

கமகத்துக்கு வருவோம். காரைக்குடி வீணை பாணியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, இரண்டு கட்டைகளுக்கு நடுவே எதுவுமே இல்லாத பியானோ வாசிப்பு வறட்சியாகத்தான் தெரியும். பிட்ச் பெண்ட் சக்கரம்தான் இங்கே நரம்பை இழுக்கும் விரல். பெரும்பாலான கருவிகள் இருபுறமும் இரண்டு அரைஸ்வரம் என்ற அளவில் வரும். ரிஷபத்திலிருந்து மத்யமம் வரை இழுக்க இது போதாது. நான்கு அல்லது ஐந்துக்கு ஏற்றுங்கள். பன்னிரண்டுக்கு ஏற்றினால் சக்கரம் மயிரிழை அசைந்தாலும் சுருதி பிசகும். கீபோர்டில் ஐந்து வைத்து வாத்தியத்தில் இரண்டே இருந்தால் வாசித்தது ஒன்று, கேட்பது வேறு. இரண்டிலும் ஒரே எண் இருக்கட்டும். பெண்ட் அந்தச் சேனல் முழுவதையும் வளைப்பதால், இடது கை கார்டும் (சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டும்) சேர்ந்து வளையும். கார்டுக்குத் தனி ட்ராக், தனிச் சேனல் வையுங்கள். சக்கரமே இல்லாத கீபோர்டு என்றால் ஸ்வரத்தைப் பதிவு செய்துவிட்டு, மிடி எடிட்டரின் கீழே பெண்ட் கோட்டை மவுஸால் வரையலாம். பொறுமை வேண்டும், ஆனால் நன்றாக வரும். கமகம் உள்ள வரிகளுக்கு க்வாண்டைஸ் போடவே கூடாது. தாள வாத்தியத்துக்குக்கூட 100% வேண்டாம், 50 முதல் 60% போதும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நம் செட்டிநாட்டு வீடுகளின் பட்டாலையும் (முன்கூடம்) வளவும் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) பேச்சுக்கே கணீரென்று திரும்பும். ஆத்தங்குடித் தரை, மெழுகிய சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகள். மிடி வாசிக்க அது பிரச்சினையில்லை. குரல் பதிவுக்கு ரெண்டாங்கட்டில் (வீட்டின் உள்பகுதியில்) சிறிய அறையைப் பிடியுங்கள். பாடுகிறவருக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தைகளை நிமிர்த்தி வையுங்கள், தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். மைக் பாடகர் முகத்துக்கு ஒரு சாண் தூரம். ஒருமுறை பதிவாகிவிட்ட எதிரொலியை எந்த சாஃப்ட்வேரும் முழுதாக நீக்காது. எதிரொலி இல்லாமல் பதிவான குரலுக்கு அதைச் சேர்ப்பது ஒரு நொடி வேலை.

'உம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் பிரச்சினை. பழைய வயரிங்கில் எர்த் சரியாக இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். கீபோர்டும் லேப்டாப்பும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். எர்த் ஊசியை உடைத்து எறிவது மட்டும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது கிர்ர் சத்தம் ஏறும். மின்தடை நேரத்தில் குரல் பதிவைத் தள்ளிப்போட்டு லேப்டாப் பேட்டரியில் மிடி வேலை பாருங்கள். ரீப்பரின் ப்ரிஃபரன்ஸஸில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கச் சொல்லிவிடலாம்.

சேமிக்கும்போது ப்ராஜெக்டுக்குத் தனி ஃபோல்டர் உருவாக்கவும், ஒலிக் கோப்புகளை அதற்குள் நகலெடுக்கவும் கேட்கும் இரண்டு கட்டங்களையும் டிக் செய்யுங்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினருக்கு ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் அனுப்பினால், அங்கே திறக்கும்போது ட்ராக் எல்லாம் வெறுமையாக இருக்கும். அந்தச் சிறிய கோப்பில் ஒலி இருப்பதில்லை. ஃபோல்டரை மொத்தமாக ஜிப் செய்து அனுப்ப வேண்டும்.

பதிவு 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். திருவிழா மைக்செட்டுக்குக் கொடுப்பதென்றால் 16 பிட் வேவ் அல்லது 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 எடுங்கள். எடுக்கும் முன் மாஸ்டரை ஒருமுறை மோனோவாக மாற்றிக் கேளுங்கள். குழாய் ஒலிபெருக்கிகள் மோனோவில்தான் ஓடும். ஸ்டீரியோவை அகலமாக்கும் எஃபெக்ட் போட்ட பியானோ அங்கே காணாமல் போகும். குழாயில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிகம் வராததால், பேஸை ஏற்றிப் பயனில்லை. பேஸ் வரியையே ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு ட்ராக்கில் மெல்லிதாக இரட்டித்தால் தெருக்கோடியிலும் கேட்கும்.